விழப்போகும் பல்லுக்கு எதற்கு அடைப்பு? – குழந்தைகள் பல் மருத்துவரின் பதில்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குழந்தைகளின் சொத்தைப் பல்லைப் பற்றியே இருந்தன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு நான்கரை வயது. கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டுக்கும் நடுவே சோறு மாட்டிக்கொள்கிறது என்று சில வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பல் மருத்துவர் பார்த்துவிட்டு இரண்டு பற்களையும் அடைக்க வேண்டும் என்கிறார். பால் பல் தானாக விழுந்து முளைக்கப் போகிறது, அதற்காகப் பணத்தைச் செலவழித்துப் பிள்ளையையும் அழவைக்க வேண்டுமா என்று என் மாமியார் கேட்கிறார். நான் என்ன செய்வது? – வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் மாமியார் கேட்பது நியாயமான கேள்விதான். பால் பல் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஆறு, ஏழு வயதில் ஆடி விழுந்து, சாணத்தில் உருட்டிக் கூரைமேல் எறிந்த முன்பல்தான். ஆனால் பால் பற்கள் இருபதும் ஒரே வயதில் விழுவதில்லை. கடைவாய்ப் பால் பற்கள் பெரும்பாலும் 10 முதல் 12 வயதுக்குள்தான் விழுகின்றன. அப்படியானால், உங்கள் மகன் அந்த இரண்டு பற்களையும் வைத்துக்கொண்டு இன்னும் ஆறு, ஏழு ஆண்டுகள் மெல்ல வேண்டும். அவன் பிறந்து இதுவரை கழித்த காலத்தைவிட அது அதிகம்.

சோறு மாட்டிக்கொள்கிறது என்று அவன் சொன்னதை நீங்கள் காதில் போட்டுக்கொண்டது நல்லதாயிற்று. இரண்டு கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் இடத்தில் தொடங்கும் சொத்தை வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. மேலே பல் வெள்ளையாகவே இருக்க, உள்ளே கரைந்துகொண்டே போய், ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது ஓரச்சுவர் உடைந்து பள்ளம் திறந்துகொள்ளும். அதுவரை மாட்டாத சோறு மாட்டத் தொடங்குவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். பால் பல்லின் எனாமல் நிரந்தரப் பல்லின் எனாமலைவிட மெல்லியது. நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள பற்கூழோ பல்லின் அளவுக்குப் பெரியது, மேற்பரப்புக்கு நெருக்கமானது. ஆகையால் பெரியவர்களின் பல்லில் மெதுவாக இறங்கும் சொத்தை, குழந்தையின் பல்லில் சில மாதங்களிலேயே கூழைத் தொட்டுவிடக்கூடும். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் தயங்க வேண்டாம். எவ்வளவு ஆழம் என்பதை அந்தச் சிறு படம்தான் சொல்லும்.

விட்டுவிட்டால் நடப்பதை நான் அன்றாடம் பார்க்கிறேன். பிள்ளை முதலில் ஒரு பக்கமாக மெல்லத் தொடங்குவான். பிறகு இரவில் வலியால் எழுந்து அழுவான். பிறகு ஈறில் கொப்புளம் போல ஒரு சீழ்க்கட்டி தோன்றும். அந்த நிலையில் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லாமல் போனால், சிக்கல் அத்தோடு முடிவதுமில்லை. ஏறத்தாழ 6 வயதில் பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. முன்னே காலியிடம் இருந்தால் அது முன்னோக்கிச் சாய்ந்து நகர்ந்துவிடும். அங்கே 10, 11 வயதில் முளைக்க வேண்டிய பல்லுக்கு இடமில்லாமல் அது கோணலாக வரும், அல்லது எலும்புக்குள்ளேயே சிக்கி நிற்கும். இதைத் தவிர்க்க, பிடுங்கிய இடத்தைக் காக்கும் சிறு கம்பிக் கருவியைப் பொருத்த வேண்டியிருக்கும். இன்று அடைப்பதற்கு ஆகும் செலவையும் அழுகையையும் இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லாப் பால் பற்களையும் அடைத்தே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆடத் தொடங்கிவிட்ட பல், வலியும் சீழும் இல்லாதவரை, தானாக விழட்டும் என்று விடலாம். பள்ளம் விழாமல் வெறும் வெண்புள்ளியாக இருக்கும் தொடக்கச் சொத்தையை ஃப்ளூரைடு பூச்சாலும் ஒழுங்கான பல் துலக்கலாலும் நிறுத்த முடியும். உங்கள் மகனின் பற்கள் இந்த இரண்டு வகையிலும் சேரவில்லை. மாமியாரிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள்; அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிச் செல்லுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. ஒரு மருத்துவர் வெள்ளை அடைப்பு போதும் என்கிறார், இன்னொருவர் சில்வர் தொப்பி போட வேண்டும் என்கிறார். எனக்குச் சிறுவயதில் வைத்தது கறுத்த ஈயம் போன்ற அடைப்பு. எது நல்லது? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: பொருளைவிட, பள்ளம் பல்லின் எந்தப் பக்கத்தில் எத்தனை முகங்களை (மெல்லும் மேற்பரப்பு, பக்கவாட்டுப் பரப்புகள் ஒவ்வொன்றும் ஒரு முகம்) தின்றிருக்கிறது என்பதுதான் விடையைத் தீர்மானிக்கிறது.

உங்களுக்கு வைத்தது அமால்கம். அதில் ஏறத்தாழ பாதி எடை பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் கலவை. அது நெடுநாள் உழைக்கும் பொருள்தான். உங்கள் வாயில் நல்ல நிலையில் இருந்தால் அதைத் தோண்டி எடுக்கவும் தேவையில்லை. ஆனால் பாதரசத்தின் பயன்பாட்டைக் குறைப்பதற்காக 2013இல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள், 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் மருத்துவர் இன்றியமையாதது என்று கருதினாலன்றி அமால்கம் வைக்கக் கூடாது என்று 2022இல் முடிவெடுத்தன. ஆகவே உங்கள் மகளுக்கு அது வேண்டாம்.

வெள்ளை அடைப்பு என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் அதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று கிளாஸ் அயனோமர். இது பல்லோடு வேதியியல் முறையில் தானே ஒட்டிக்கொள்ளும், சிறிது ஈரம் இருந்தாலும் தாங்கும், ஃப்ளூரைடையும் மெல்ல வெளிவிடும். வாயைச் சில நிமிடங்களுக்கு மேல் திறந்து வைத்திருக்க முடியாத சிறு பிள்ளைக்கு இதைவிட வசதியான பொருள் இல்லை. இதன் குறை, இரண்டு முகங்களில் பரவிய பெரிய பள்ளத்தில் வைத்தால் மெல்லும் அழுத்தத்தில் உடைந்துவிடுவது. மற்றொன்று காம்போசிட், நீல ஒளியைக் காட்டியவுடன் இறுகும் பிசின். பல்லின் நிறத்தோடு அழகாக ஒத்துப்போகும், உறுதியும் அதிகம். ஆனால் வைக்கும் நேரத்தில் ஒரு துளி எச்சில் பட்டாலும் ஒட்டு கெட்டுப்போகும். அதனால்தான் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு ஒன்றை மாட்டுகிறோம்; பல்லுக்கு மழைக்கோட்டு போடுகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

தொப்பி என்று நீங்கள் எழுதியிருப்பது துருப்பிடிக்காத எஃகுக் கவசம். அதில் வெள்ளி இல்லை. பளபளப்பால் அந்தப் பெயர் வந்துவிட்டது. கடைவாய்ப் பால் பல்லில் இரண்டு முகங்களுக்கு மேல் சொத்தை பரவியிருந்தாலோ, பற்கூழுக்குச் சிகிச்சை செய்திருந்தாலோ, வெள்ளை அடைப்பைவிட இந்தக் கவசமே நிலைக்கும் என்பது என் அனுபவம்; ஆய்வுகளும் அதையே காட்டுகின்றன. பல் விழும்போது கவசமும் சேர்ந்தே விழுந்துவிடும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நார்னா ஹால் என்ற பல் மருத்துவர், ஊசியும் போடாமல், சொத்தையைத் தோண்டவும் செய்யாமல், பல்லின் மேல் கவசத்தை அப்படியே ஒட்டி மூடிவந்தார். சர்க்கரை கிடைக்காமல் அடைபட்ட கிருமிகள் செயலிழந்து, சொத்தை மேலே பரவாமல் நின்றுவிடுகிறது. அவருடைய சிகிச்சைப் பதிவுகளின் முடிவுகள் 2006இல் வெளியான பிறகு அந்த முறை பல நாடுகளுக்கும் பரவியது. கவசம் போட்ட முதல் சில நாட்கள் கடிக்கும்போது உயரமாகத் தோன்றும். சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனால் பல்லில் ஏற்கெனவே இரவு வலியோ சீழோ இருந்தால் இந்த முறை பொருந்தாது.

இரண்டு மருத்துவர்களும் ஒரே எக்ஸ்ரேயைப் பார்த்துத்தான் சொன்னார்களா என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை. அந்தப் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, எத்தனை முகங்களில் பரவியிருக்கிறது என்று கேளுங்கள். ஒரு முகம்தான் என்றால் வெள்ளை அடைப்பு போதும்.

கேள்வி: மூன்று வயதுப் பேத்தியின் பல்லில் ஏதோ மருந்தைத் தொட்டு வைத்தார்கள், சொத்தை இருந்த இடம் கரிபோல் கறுத்துவிட்டது. பல்லைக் கெடுத்துவிட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. – வாசகர், விருதுநகர்

பதில்: கெடுக்கவில்லை, ஐயா. அது பெரும்பாலும் சில்வர் டைஅமைன் ஃப்ளூரைடு என்ற மருந்தாக இருக்கும். அதிலுள்ள வெள்ளி கிருமிகளைக் கொல்கிறது. ஃப்ளூரைடு மிஞ்சியிருக்கும் பல்லை இறுக்குகிறது. ஜப்பானில் 1970 முதல் புழக்கத்தில் உள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. கறுத்துக் கெட்டிப்பட்டிருப்பது சொத்தை நின்றுவிட்டது என்பதன் அடையாளம். அந்தக் கறுப்பு போகாது என்பதை மருத்துவர் முன்கூட்டியே சொல்லி உங்கள் சம்மதத்தைப் பெற்றிருக்க வேண்டும். அதைச் சொல்லாதது அவர் தவறு. ஈறிலோ உதட்டிலோ பட்ட கறை சில வாரங்களில் மறையும். பள்ளம் பள்ளமாகவேதான் இருக்கும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். பேத்தி சற்று வளர்ந்து ஒத்துழைக்கும்போது அதன்மேல் அடைப்பு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் ஊரில் கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு, புகையை வாயில் பிடித்தால் பல்லில் இருக்கும் பூச்சி விழுந்துவிடும் என்கிறார்கள். குழந்தைக்குச் செய்யலாமா? – வாசகி, தேனி

பதில்: செய்ய வேண்டாம். சொத்தைப் பல்லில் பூச்சியோ புழுவோ கிடையாது. இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று; ஐரோப்பாவிலும் இருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தும் புழு எதையும் காணவில்லை என்று பிரான்சு நாட்டுப் பல் மருத்துவர் பியேர் ஃபோஷார் 1728இல் எழுதிவைத்தார். வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் அமிலமாக்குகின்றன; அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது. புகை பிடித்த பிறகு வலி நின்றது என்று சிலர் சொல்வது பொய்யாக இராது. பற்கூழ் செத்துப்போனால் வலி தானாகவே அடங்கிவிடும்; சீழ் மட்டும் வேரின் அடியில் சேர்ந்துகொண்டிருக்கும். வலி நின்றதை வைத்துப் பல் குணமாகிவிட்டது என்று எண்ணி வராமல் இருந்துவிடுவதுதான் ஆபத்து. கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: இரண்டு வயது மகனுக்கு மேல் முன்பற்கள் நான்கும் பழுப்பாகிக் கரைந்துவிட்டன. கீழ்ப்பற்கள் நன்றாக இருக்கின்றன. சாக்லேட்டே கொடுத்ததில்லை. எப்படி வந்தது? – வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: இரவில் பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்குகிறானா என்று பாருங்கள். உறக்கத்தில் எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். சர்க்கரை போட்ட பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பதால் அவை தப்பிவிடுகின்றன. இன்னொரு பழக்கமும் நம் வீடுகளில் உண்டு. கைப்பேசியைக் காட்டிச் சோறூட்டும்போது, பிள்ளை விழுங்காமல் உருண்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும். அரைமணி நேரம் ஊறும் அந்தச் சோறும் பல்லுக்குச் சர்க்கரைதான்.

புட்டியை ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். பாலில் சர்க்கரையை நிறுத்தி, நாளுக்கு நாள் தண்ணீரை அதிகமாக்கி, கடைசியில் வெறும் தண்ணீராக்கி விடுங்கள். உறங்கப் போகுமுன் நீங்களே பல் துலக்கிவிடுங்கள். 3 வயது வரை பற்பசை ஓர் அரிசி அளவும், அதன்பின் 6 வயது வரை பட்டாணி அளவும் போதும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரிலேயே ஃப்ளூரைடு அதிகம் என்பதால், நீங்கள் குடிக்கும் தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறதா, குழாயில் வருகிறதா என்பதை மருத்துவரிடம் சொல்லி, ஃப்ளூரைடு பற்பசை பற்றி அவர் கூறுவதுபோல் நடந்துகொள்ளுங்கள். கரைந்த பற்களில் எதை மருந்து தொட்டு நிறுத்தலாம், எதை அடைக்கலாம் என்பதை நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

கேள்வி: தனியார் மருத்துவமனையில் அடைக்கும் வசதி எங்களுக்கு இல்லை. அரசில் எங்கே காட்டலாம்? – வாசகர், அரியலூர்

பதில்: மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது, முதலில் அங்கே காட்டுங்கள். சிக்கலான சிகிச்சை வேண்டுமானால் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்புவார்கள். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு, தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின்படி பார்க்க வேண்டியவற்றில் பல் சொத்தையும் ஒன்று. அவர்கள் வரும் நாளை ஆசிரியரிடம் கேட்டு வையுங்கள்.

கேள்வி: ஆறு வயது மகளுக்கு ஊசி போட்டுப் பல் அடைத்தார்கள். அன்று மாலை கீழுதடு வீங்கி வெள்ளையாகப் புண்ணாகிவிட்டது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா? அடுத்த பல்லுக்குப் போகவே பயப்படுகிறாள். – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மருந்தின் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. மரத்துப்போன உதடு தன்னுடையது போலத் தோன்றாததால் பிள்ளைகள் அதைக் கடித்தும் உறிஞ்சியும் பார்ப்பார்கள். உணர்வு திரும்பும்போது புண்ணாகியிருக்கும். ஒரு வாரம், பத்து நாட்களில் ஆறிவிடும். காரமும் புளிப்பும் சூடும் தவிர்த்தால் போதும். புண் பெரிதானாலோ காய்ச்சல் வந்தாலோ காட்டுங்கள். அடுத்த முறை ஊசி போட்டபின் இரண்டு, மூன்று மணி நேரம் அவளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். மரமரப்பு போகும்வரை மென்று தின்னும் எதையும் கொடுக்காதீர்கள்.

பயத்தைப் பற்றி ஒன்று. வலிக்கவே வலிக்காது என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள். சேட்டை செய்தால் ஊசி போடச் சொல்வேன் என்று வீட்டில் மிரட்டவும் வேண்டாம். சீக்கிரம் போகவேண்டும் என்ற அவசரமில்லாத ஒரு காலை நேரமாகப் பார்த்து, முதல் நாள் சிகிச்சை எதுவும் இல்லாமல் நாற்காலியில் உட்கார மட்டும் முன்பதிவு செய்யுங்கள். நான் அந்த நாளில் கருவியைப் பல்லில் வைப்பதில்லை. சுழலும் சிறு தூரிகையைப் பிள்ளையின் கட்டைவிரல் நகத்தின்மேல் ஓடவிடுவேன். கூச்சமாக இருக்கிறது என்று சிரிக்கும் பிள்ளை, அடுத்ததாக எந்த விரல் என்று தானே கையை நீட்டும். சில பிள்ளைகளுக்குப் பத்து விரலும் முடிந்த பிறகுதான் வாய் திறக்கும். அதுவரை காத்திருக்கும் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.