பழைய பிரிட்டிஷ் மாலுமிச் சிறுவர் படங்களில் தொப்பி நாடாவிலுள்ள பெயர் எதைக் குறிக்கிறது?

பல படங்களில் அது பயிற்சிக் கப்பலின் பெயர். அதாவது, துறைமுகத்திலேயே கட்டிப்போட்ட பழைய மரப் போர்க்கப்பல். நீராவியும் இரும்பும் வந்தபின் அதற்குச் சண்டையில் வேலையில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான சிறுவர்களைத் தங்கவைத்துப் பழக்க இடம் தாராளம். ஓட்டம் நின்ற ரயில் பெட்டியை வகுப்பறை ஆக்குவதுபோல. 1821இல் பம்பாயில் தேக்கால் கட்டிய ‘கேஞ்சஸ்’, பிற்காலத்தில் இங்கிலாந்தின் ஃபால்மத்தில் அப்படித்தான் நின்றது.

நாடாவை உருப்பெருக்கியில், சாய்வான வெளிச்சத்தில் படியுங்கள். எழுத்து இடவலம் மாறியிருந்தால் அது பெரும்பாலும் டின்டைப், மெல்லிய இரும்புத் தகட்டுப் படம். நெகட்டிவ் இல்லாமல் நேரே தகட்டில் பதிவதால் கண்ணாடிப் பிம்பம்போல் புரண்டுவிடும். கைப்பேசியில் படமெடுத்துத் திருப்பினால் பெயர் தெளிவாகும்.

பெயரைக் கண்டதும் ‘இந்தக் கப்பலில் போருக்குப் போனார்’ என்று பலர் எழுதிவிடுகிறார்கள்; அந்த நாடா கட்டிய சிறுவன் துறைமுகத்தில் கயிற்று முடிச்சு பழகிக்கொண்டிருந்தவன்.