உயரம் ஏறினால் துப்பாக்கி ஏன் மேலே அடிக்கிறது?

(ராணுவத்தில் பணியாற்றி, இப்போது திருமங்கலத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் சித்தப்பா லடாக்கில் பணியில் இருக்கிறார். “இங்கே வந்ததும் துப்பாக்கி குறிக்கு மேலே அடித்தது, மறுபடி ஜீரோ பண்ணினோம் (குறி வைத்த இடத்திலேயே அடி விழும்படி சரிசெய்தோம்)” என்றார். உயரத்தில் புவியீர்ப்பு குறைவதால்தானே இப்படி?
– கல்லூரி மாணவர், மேலூர்

பதில்: இல்லை தம்பி. புவியீர்ப்பு குறைவது உண்மைதான். ஆனால் லடாக்கின் லே நகரம் இருக்கும் 3,500 மீட்டர் உயரத்தில் அந்தக் குறைவு ஆயிரத்தில் ஒரு பங்குதான், இலக்கில் தெரியவே தெரியாது. காரணம் காற்று.

அடுத்த முறை கொடைக்கானல் போனால், குடித்து முடித்த தண்ணீர் பாட்டிலை மேலேயே இறுக்கி மூடிப் பையில் போட்டு வையுங்கள். வத்தலக்குண்டு வந்ததும் எடுத்துப் பாருங்கள், யாரோ கையால் பிசைந்த மாதிரி ஒடுங்கிக் கிடக்கும். மேலே அடைத்தது மெல்லிய காற்று, கீழே சுற்றி நிற்பது கனத்த காற்று. 38 டிகிரி வெயில் நாளில் மதுரையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.12 கிலோ இருக்கும். 15 டிகிரியில் கொடைக்கானலில் 0.95 கிலோ. லேயில் 10 டிகிரிப் பகலில் 0.8 கிலோதான்.

தோட்டா குழலை விட்டு வந்த கணத்திலேயே விழத் தொடங்கிவிடுகிறது. எவ்வளவு நேரம் பறக்கிறதோ அவ்வளவுக்கு விழும். வினாடிக்கு 830 மீட்டர் வேகத்தில் கிளம்பும் தோட்டா, காற்றே இல்லாவிட்டால் 600 மீட்டரை 0.72 வினாடியில் கடந்து இரண்டரை மீட்டர் விழும். காற்று இழுத்துப் பிடிப்பதால் நேரம் கூடி, மூன்றரை மீட்டர் அளவுக்கு விழுகிறது. அந்த இறக்கத்துக்கு ஈடாகத்தான் சைட்டை (குறி பார்க்கும் கருவியை) வைத்துக் குழலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறோம். மலையில் காற்று மெலிந்து இறக்கம் குறைந்துவிடும். சைட் மட்டும் சமவெளிக் கணக்கிலேயே நிற்கும். அப்புறம் மேலே அடிக்காமல் என்ன செய்யும்?

நான் இதை முதலில் பார்த்தது டிராகுனோவ் துப்பாக்கியில், 600 மீட்டரில். சமவெளியில் ஜீரோ பண்ணிய அதே துப்பாக்கி, அதே பெட்டித் தோட்டா. லே பக்கம் ஒரு நண்பகலில் சுட்டபோது துளைகளின் நடு ஏறத்தாழ ஒரு அடி மேலே இருந்தது. மறுநாள் விடியலில், மைனஸ் 10 டிகிரிக் குளிரில் சுட்டோம். இந்த முறை துளைகள் நண்பகலில் விழுந்த இடத்தைவிட அரைச் சாணுக்கு மேல் கீழே இறங்கியிருந்தன. ஒரே உயரம்தான், ஒரே கைதான். துப்பாக்கிதான் கெட்டுப்போச்சோ என்று நினைத்தேன்.

வெப்பம் இரண்டு பக்கமாக வேலை செய்கிறது. குளிர்ந்த காற்று கனம் கூடியது, அது ஒன்று. மற்றது தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்து. சூடாக இருந்தால் வேகமாக எரிந்து தோட்டாவை விரட்டும், குளிர்ந்தால் மந்தமாகும். எந்த அளவுக்கு என்பது மருந்துக்கு மருந்து மாறும். அதனால்தான் தோட்டாப் பெட்டியை வெயிலில் திறந்து வைக்கக் கூடாது, சுட்டுச் சூடேறிய துப்பாக்கியில் தோட்டாவை ஏற்றிவிட்டு யோசித்துக்கொண்டும் இருக்கக் கூடாது. அந்த ஒரு தோட்டா மட்டும் தனியாக மேலே போய் நிற்கும். பையில் கொஞ்சம், பெட்டியில் கொஞ்சம் என்று வைத்துக்கொண்டு சுட்டவர்களின் இலக்குத் தாளில் துளைகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஈரக் காற்று கனம் என்று நம் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். நேர்மாறு. நீராவி, காற்றைவிட லேசானது. ஐப்பசி மழை நாளிலும் அதன் பங்கு ஒன்றரை சதவீதத்துக்குள்தான், விட்டுவிடலாம்.

கேள்வி: என் மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறாள். மலை ஊரில் போட்டி வந்தால் தனிப் பயிற்சி வேண்டுமா?
– ஒரு தாய், மதுரை

பதில்: வேண்டாம்மா. 10 மீட்டரில் வரும் மாற்றம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. போட்டிக்கு முன் சைட் சரிபார்க்கத் தரும் நேரத்திலேயே சரியாகிவிடும். ஒரு நாள் முன்னதாகப் போய்ப் பிள்ளை நன்றாகத் தூங்கட்டும். மூச்சுதான் அங்கே முக்கியம்.

கேள்வி: கொடைக்கானலிலும் என் போன் காற்றழுத்தம் 1013 மில்லிபார் என்றே காட்டுகிறது. தோட்டாப் பாதை கணக்கிடும் ஆப்பில் அதையே போடலாமா?
– ரைபிள் பயிற்சி எடுப்பவர், வாடிப்பட்டி

பதில்: போடாதீர்கள். வானிலைச் செய்தியில் வரும் அழுத்தம் கடல் மட்டத்துக்கு மாற்றிச் சொன்னது. கொடைக்கானலில் நீங்கள் நிற்கும் இடத்தின் உண்மையான அழுத்தம் 790 பக்கத்தில் இருக்கும். 1013-ஐ அந்த இடத்து அழுத்தம் என்று கொடுத்தால், ஆப் கனத்த காற்றாக நினைத்துச் சைட்டை அதிகம் தூக்கச் சொல்லும். இன்னொரு தவறும் நடக்கிறது: உண்மையான 790-ஐயும் கொடுத்து, உயரம் 2,100 மீட்டர் என்றும் கொடுப்பது. சில ஆப்கள் உயரத்தை இரண்டு முறை கழித்துவிடும். கையடக்க அழுத்தமானி இருந்தால் அது காட்டுவதை மட்டும் போட்டு, உயரத்தைப் பூஜ்யமாக வையுங்கள்.