பேலியோவில் மலச்சிக்கல்: இசப்கோல் கைகொடுக்குமா?

கேள்வி: எனக்கு வயது 43. இரண்டு மாதங்களாக, தானியத்தையும் பருப்பையும் தவிர்க்கும் பேலியோ உணவுமுறையில் இருக்கிறேன். எடை குறைந்திருக்கிறது, ஆனால் மலச்சிக்கல் வந்துவிட்டது. ஜிம் பயிற்சியாளர் 1,400 ரூபாய்க்கு ஒரு 'நார்ச்சத்துக் கலவை' கொடுத்திருக்கிறார். வெறும் இசப்கோலே போதும் என்கிறாள் தங்கை. பேலியோவில் அது கூடுமா? தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன். சிறுதானிய உணவில் இருக்கும் என் கணவரும் இதைச் சாப்பிடலாமா?
- வாசகி, மதுரை

பதில்: உங்கள் தங்கை சொல்வதுதான் சரி. இசப்கோல் தானியம் அல்ல. குஜராத், ராஜஸ்தான் பக்கம் விளையும் ஒரு சிறு செடியின் விதைமேல் உள்ள உமி அது. பெரும்பகுதி செரிக்காத நார் என்பதால் பேலியோ, மாவுச்சத்தை மிகவும் குறைக்கும் கீட்டோ உணவுமுறை இரண்டின் மாவுச்சத்துக் கணக்கையும் அது கெடுக்காது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 கிராம் நாராவது வேண்டும். சோற்றையும் பருப்பையும் நிறுத்திவிட்டு முட்டை, இறைச்சி, பனீர் என்று இருந்தால் அது எங்கிருந்து வரும்? முதலில் கீரையையும் காயையும் கூட்டுங்கள். அப்படியும் நார் போதவில்லை என்றால்தான் இசப்கோல்.

அந்த 1,400 ரூபாய் டப்பாவைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். நிலாவாரை அல்லது 'சென்னா' என்று இருந்தால் தொடாதீர்கள். அது நார் அல்ல, பேதி மருந்து. வயிறு முறுக்கிப் போகும், மறுநாள் எடை மெஷினில் ஒரு கிலோ குறையும். போனது கொழுப்பு அல்ல, தண்ணீர். அதைத்தான் 'கழிவு வெளியேறுகிறது' என்று விற்கிறார்கள். உடற்பயிற்சி சொல்லித் தர வந்தவர் மருந்து விற்கிறார், கேட்பாரில்லை. ஆரஞ்சுச் சுவைப் பாக்கெட்டுகளும் வேண்டாம். சிலவற்றில் உமியைவிடச் சர்க்கரை அதிகம். கீட்டோக்காரர்களும் 16 மணி நேர விரதக்காரர்களும் ஏமாறுவது இதில்தான். மருந்துக்கடையில் வெறும் இசப்கோல் என்று கேட்டு வாங்குங்கள்.

இரவு உணவுக்குச் சற்று முன் ஒரு டீஸ்பூன் உமியை 250 மில்லி தண்ணீரில் கலக்கி, கெட்டியாவதற்குள் குடித்துவிடுங்கள். மேலும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது அவசியம். உமியை வெறுமனே வாயில் போடவே கூடாது, தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும். பலன் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகலாம். ஒரு வாரம் கழித்து, தேவையென்றால் இரண்டு டீஸ்பூன் ஆக்கலாம்.

உங்கள் விஷயத்தில் முக்கியமானது தைராய்டு மாத்திரை. இசப்கோல் குடலில் கூழாகிறது. அதோடு மாத்திரையும் சேர்ந்து போனால் மருந்து சரியாக உடலில் சேராமல் போகலாம். ஆகவே மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், இசப்கோல் இரவில். இடையில் நான்கு மணி நேரமாவது இருக்கட்டும். காலையில் வெந்நீரில் இசப்கோல் குடித்தால் கொழுப்பு கரையும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி இரண்டையும் ஒன்றாக விழுங்காதீர்கள். மருந்துச் சீட்டில் 'காலை 1' என்று எழுதுகிறார்கள். எதனோடு சேர்க்கக் கூடாது என்று சொல்ல மட்டும் யாருக்கும் இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை. இன்னொன்று: தைராய்டு சுரப்பு குறைந்தாலே மலச்சிக்கல் வரும். உங்களிடம் அதை யாராவது சொன்னார்களா? கடைசியாக டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்து ஆறு மாதம் தாண்டியிருந்தால், பேலியோவைக் குற்றம் சொல்லும் முன் அதைச் செய்துவிடுங்கள். இசப்கோல் தொடங்கினாலும் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ஒருமுறை பாருங்கள்.

கணவருக்கு இப்போதைக்கு வேண்டாம். வரகும் சாமையும் காயோடு சாப்பிடுகிறவருக்கு நார் ஓரளவு கிடைத்துவிடும். அதன்மேல் இதையும் போட்டால் வயிறு உப்புசமாகலாம். அவருக்கும் மலச்சிக்கல் இருந்தால், தண்ணீர் எவ்வளவு குடிக்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

மலத்தில் ரத்தம், வாந்தியோடு வயிற்றுவலி, வாயுவும் பிரியாமல் வயிறு உப்புதல் இவற்றில் எது இருந்தாலும் இசப்கோலை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.