வடசென்னையில் இருந்துகொண்டு கணித ஆசிரியர் ஆக எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: திருவொற்றியூரில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன், கணிதம்–உயிரியல் குரூப். ஒன்பது, பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும் ஆசிரியை ஆக வேண்டும். டீச்சர் டிரெயினிங் போதுமா, நான்கு வருடப் படிப்பா, பட்டம் முடித்துவிட்டு பி.எட்.டா? எந்தக் கல்லூரி நல்லது?

பி.எட். கல்லூரியைத் தேடுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீங்கள் எந்தப் பாடத்துக்கு ஆசிரியை என்பதை முடிவு செய்வது பி.எட். இல்லை, அதற்கு முன்னால் வாங்கும் பட்டத்தின் மேஜர், அதாவது முதன்மைப் பாடம். இந்த மாதம் எடுக்க வேண்டிய பெரிய முடிவு அதுதான். பி.எட். பற்றி யோசிக்க இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

டீச்சர் டிரெயினிங் என்று எல்லோரும் சொல்லும் தொடக்கக் கல்விப் பட்டயம் முடித்தால் 1 முதல் 5 வகுப்பு வரை மட்டும்தான். 6 முதல் 10 வரை நடத்தப் பட்டதாரி ஆசிரியர் பணியிடம். அதற்குப் பட்டம், பி.எட்., டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள் மூன்றும் வேண்டும். 11, 12-க்கு முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். பி.எட். வைத்துக்கொண்டு தொடக்கப் பள்ளிக்கும் போகலாம் என்று இன்னமும் சிலர் சொல்வார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த வழியை மூடிவிட்டது. ஆகவே உங்கள் ஆசைக்கு டீச்சர் டிரெயினிங் பொருந்தாது. அதில் இரண்டு வருடம் போட வேண்டாம்.

இனி மேஜர். பி.எஸ்சி. கணிதம் என்று நேராகப் பெயர் இருக்கும் பட்டத்தில் சேருங்கள். சேர்க்கை நேரத்தில் கணக்கும் கம்ப்யூட்டரும் கலந்த படிப்பு, பயன்பாட்டு அறிவியல் என்று கவர்ச்சியான பெயர்களைக் காட்டுவார்கள். பாடத்திட்டத்தில் முக்கால்வாசி கணக்கே இருந்தாலும் வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் பார்ப்பது பட்டச் சான்றிதழில் அச்சாகியிருக்கும் பெயரைத்தான். அந்தப் பெயர் வேலை அறிவிக்கையில் இல்லாவிட்டால், இந்தப் பட்டம் இந்தப் பாடத்துக்கு இணையானது என்று உயர்கல்வித் துறை வெளியிட்ட அரசாணையைக் காட்ட வேண்டும். அரசாணை இல்லையென்றால் தேர்வில் வாங்கிய மார்க் கைகொடுக்காது. அதனால் பெயரோடு வேறு ஒரு சொல் ஒட்டியிருக்கும் எந்தப் படிப்பாக இருந்தாலும், இணைத்தன்மை அரசாணையின் எண்ணையும் தேதியையும் துறைத் தலைவரிடம் கேளுங்கள். “அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை வராது” என்ற பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள். எண் கிடைக்காவிட்டால் அந்தப் படிப்பு வேண்டாம்.

உங்கள் தோழிகளுக்கும் இது உதவும். பட்டதாரி ஆசிரியர் பணியிடம் இருக்கும் பாடங்கள் தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல். மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, பி.பி.ஏ. படித்துவிட்டுப் பிறகு ஆசிரியர் வேலைக்கு அலைபவர்கள் நிறைய. பி.காம். படித்தவர்கள் எம்.காம். முடித்த பிறகுதான் பி.எட். சேர முடியும், அவர்களுக்கு வேலையும் மேல்நிலை வகுப்பில்தான்.

அடுத்து பயிற்று மொழி. நீங்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி என்றால் உங்கள் கையில் ஒரு பெரிய சலுகை இருக்கிறது. தமிழ் வழியில் படித்தோருக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2010-இல் சட்டமானது. 2020-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு பட்டத்தை மட்டும் தமிழ் வழியில் படித்தால் போதாது. பள்ளிப் படிப்பும் தமிழ் வழியாக இருக்க வேண்டும். பட்டதாரி ஆசிரியர் பணிக்கு பி.எட்.டும் தகுதிப் படிப்பு என்பதால் அதுவும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஒதுக்கீடு போய்விடும். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வகுப்பு ஆங்கில வழியில் நடக்கும், தேர்வை மட்டும் தமிழில் எழுதிக்கொள்ளலாம் என்பார்கள். அப்படி எழுதியதை வைத்துத் தமிழ் வழிச் சான்றிதழ் கிடைக்காது. விண்ணப்பிக்கும்போதே பாடப்பிரிவுக்குப் பக்கத்தில் ‘தமிழ் வழி’ என்று இருக்கிறதா பாருங்கள். நீங்கள் படித்த பள்ளிகளில் தமிழ் வழிச் சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். அறிவிக்கை வந்த பிறகு ஓடினால் தலைமையாசிரியர் விடுப்பில் இருப்பார், பதிவேடு கிடைக்காது, கடைசித் தேதி தாண்டிவிடும்.

அதற்காகத் தமிழ் வழி கிடைக்காத கல்லூரியே வேண்டாம் என்று ஒதுக்கச் சொல்லவில்லை. கிடைத்தால் விடாதீர்கள், அவ்வளவுதான்.

பட்டத்துக்கு உங்கள் பக்கத்திலேயே நல்ல வாய்ப்புகள் உண்டு. வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரி, ஆர்.கே.நகர் அரசு கலை அறிவியல் கல்லூரி, வடக்கே ரயிலில் போனால் பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரி, கடற்கரைப் பக்கம் மாநிலக் கல்லூரி, ராணி மேரி கல்லூரி. அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே ஆன்லைன் விண்ணப்பம்தான், பல கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கலாம். எந்தக் கல்லூரியில் கணிதம் எந்த வழியில் இருக்கிறது என்பதை அந்த வருடப் பட்டியலில் பார்த்துவிட்டு வரிசை கொடுங்கள். பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி அரசு உதவி பெறுவது, அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே பாடம் உதவி பெறும் பிரிவிலும் சுயநிதிப் பிரிவிலும் இருக்கலாம். கட்டணம் பல மடங்கு வித்தியாசப்படும். எந்தப் பிரிவில் இடம் தருகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளி என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், கல்லூரி வழியாகவே பதியலாம்.

நான்கு வருட ஒருங்கிணைந்த படிப்பில் பி.எஸ்சி.யும் பி.எட்.டும் சேர்ந்தே முடிகிறது, ஒரு வருடம் மிச்சம். ஐ.டெப் எனப்படும் தேசியத் திட்டத்துக்கு தேசியத் தேர்வு முகமையான என்.டி.ஏ. நடத்தும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மைசூரு மண்டலக் கல்வியியல் நிறுவனமும் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் இதில் முக்கியமானவை. வீட்டில் வெளியூருக்கு அனுப்பத் தயார், ஆங்கில வழியும் பரவாயில்லை என்றால் மைசூரு மிக நல்ல இடம். பயிற்சிப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் நுழைவுத் தேர்வு விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே முடிந்துவிடும். தமிழ் வழியில் படித்த உங்களுக்கு, உள்ளூரில் இருந்தே படிப்பதாக இருந்தால், பட்டம் மூன்று வருடம், பி.எட். இரண்டு வருடம் என்ற வழியே என் பரிந்துரை. இடையில் மனம் மாறினாலும் கையில் முழுப் பட்டம் இருக்கும்.

மூன்று வருடம் கழித்து பி.எட்.டுக்கு வருவீர்கள். குறைந்தபட்ச மதிப்பெண் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், பி.சி. 45, எம்.பி.சி. 43, எஸ்.சி., எஸ்.டி. 40. மேஜர், அல்லைடு (துணைப் பாடம்) மார்க்கை வைத்துத் தரவரிசை போடுவார்கள். ஆகவே முதல் வருட அல்லைடு இயற்பியலை அலட்சியமாக விடாதீர்கள். கடைசி செமஸ்டரில் ஒரு அரியர் நின்றாலும் அந்த வருடச் சேர்க்கை கைநழுவும்.

தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவி பெறும் கல்வியியல் கல்லூரிகள் மொத்தம் 21. அதில் சென்னைக்கு நல்ல பங்கு இருக்கிறது. காமராஜர் சாலை லேடி வெலிங்டன் அரசுக் கல்லூரி, பெண்களுக்கு மட்டும். சைதாப்பேட்டை அரசுக் கல்லூரி, இருபாலருக்கும். உதவி பெறுபவை வேப்பேரி செயின்ட் கிறிஸ்டோபர்ஸ், திருவல்லிக்கேணி என்.கே.டி., அசோக் நகர் ஸ்டெல்லா மாட்டுட்டினா, ராயப்பேட்டை மெஸ்டன். திருவொற்றியூரில் மெட்ரோ ஏறினால் மாறாமல் சைதாப்பேட்டை வரை போகலாம். அரசினர் தோட்டத்தில் இறங்கினால் திருவல்லிக்கேணி, காமராஜர் சாலை பக்கம் போய்விடலாம். தினமும் மெட்ரோ கட்டணம் கட்டுப்படியாகாது என்றால் சாதாரண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம், நேரம்தான் கூடும். வரிசை கொடுக்கும்போது லேடி வெலிங்டனை முதலில் போடுங்கள், வேப்பேரியை அடுத்து. வேப்பேரி உங்களுக்குக் கிட்ட.

இந்த இடங்கள் கிடைக்காமல் தனியார் கல்லூரிக்குப் போக நேர்ந்தால் இரண்டு அங்கீகாரம் பாருங்கள்: தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்.சி.டி.இ.யின் அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா, தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைவு அந்த வருடத்துக்கு இருக்கிறதா. இரண்டையும் அந்தந்த இணையதளத்தில் நீங்களே பாருங்கள், கல்லூரி காட்டும் ஜெராக்ஸை நம்ப வேண்டாம். கட்டணத்தைக் கேட்கும்போது ரெக்கார்டு, டீச்சிங் பிராக்டீஸ், கல்விச் சுற்றுலா எல்லாம் சேர்த்து இரண்டு வருடத்துக்கும் எழுத்தில் வாங்குங்கள்.

“தினமும் வர வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்” என்று ஒரு கல்லூரி சொன்னால் அங்கேயே திரும்பிவிடுங்கள். விதிப்படி வகுப்புக்கு 80 சதவீதமும் பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதமும் வருகை வேண்டும். பள்ளிப் பயிற்சி முதல் வருடம் 4 வாரம், இரண்டாம் வருடம் 16 வாரம். இந்த 20 வாரம்தான் பி.எட்.டின் உயிர். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை உட்கார வைத்து, மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று சொல்லிப் பார்க்கும் வாய்ப்பு பயிற்சிக் காலத்தில் வேறெங்கும் வராது.

கல்லூரியின் தரத்தை அறிய, இரண்டாம் வருடம் படிக்கும் ஒருவரிடம் லெசன் பிளான் ரெக்கார்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே மாதிரி சிவப்பு டிக்கும் கையெழுத்தும் மட்டும் இருந்தால் யாரும் படித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். “இந்தக் கேள்விக்குப் பிள்ளை தப்பான பதில் சொன்னால் என்ன செய்வாய்?”, “போர்டில் இந்தப் படம் எங்கே வரும்?” என்ற மாதிரிக் குறிப்புகள் ஓரத்தில் இருந்தால் அங்கே சேருங்கள். மைக்ரோ டீச்சிங் எப்படி நடத்துகிறார்கள் என்றும் கேளுங்கள். ஐந்தாறு நிமிடம் ஒரே ஒரு திறனை, உதாரணமாகக் கேள்வி கேட்பதை மட்டும், நடத்திக் காட்டி, குறை கேட்டு, மறுபடி நடத்த வேண்டும். மறுபடி நடத்தும் பகுதியை விட்டுவிடும் கல்லூரிகளில் மைக்ரோ டீச்சிங் வெறும் ரெக்கார்டு வேலையாக முடிந்துவிடுகிறது.

தொலைதூரக் கல்வி பி.எட். உங்களுக்கு இல்லை. அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கானது. வெளி மாநிலத்தில் சேர்த்துவிடுகிறேன், போகவே வேண்டாம் என்று வரும் ஏஜென்டுகளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பி.எட். ஒரே வருடமாகப் போகிறது என்ற செய்தியும் காதில் விழும். 2025-இல் வந்த வரைவு விதியில் அது நான்கு வருடப் பட்டமோ முதுகலையோ முடித்தவர்களுக்குத்தான். அதை நம்பி எதையும் தள்ளிப்போட வேண்டாம்.

டெட் இரண்டாம் தாள் 150 மதிப்பெண்: குழந்தை வளர்ச்சி 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணிதமும் அறிவியலும் 60. கணக்கு மேஜர்காரர்கள் சறுக்குவது அறிவியலில், குறிப்பாக உயிரியலில். உங்கள் பிளஸ் டூ குரூப் இங்கே கைகொடுக்கும். பொதுப் பிரிவுக்குத் தேர்ச்சி 60 சதவீதம், மற்றப் பிரிவினருக்குத் தளர்வை அறிவிக்கையில் பாருங்கள். ஒருமுறை தேறினால் ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனால் டெட் தேறினாலே வேலை இல்லை. அதன் பிறகு ஆசிரியர் தேர்வு வாரியமான டி.ஆர்.பி. நடத்தும் போட்டித் தேர்வு தனி: 50 மதிப்பெண் தமிழ்த் தகுதித் தாளில் 20 எடுத்தால்தான் 150 மதிப்பெண் பாடத் தாளைத் திருத்துவார்கள். அந்தப் பாடத் தாள் பட்டப்படிப்புத் தரத்தில் இருக்கும். அல்ஜீப்ரா, அனாலிசிஸ் நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

எம்.எஸ்சி. பிறகு படிக்கலாம். வீட்டில் சீக்கிரம் சம்பளம் தேவை என்றால் பி.எட். முதலில். எப்போது படித்தாலும் அதுவும் கணிதமாகவே இருக்கட்டும், முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் கேட்பார்கள். அந்தப் பணிக்கு டெட் தேவையில்லை.

கடைசியாக ஒன்று, இன்றே செய்யக்கூடியது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பிளஸ் டூ மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார் நான்கையும் பக்கத்தில் வைத்து இனிஷியல், பெயரின் ஆங்கில எழுத்து, பிறந்த தேதி மூன்றும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். வேறுபட்டால் கல்லூரியில் சேருவதற்கு முன்பே ஆதாரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழின்படி திருத்திக்கொள்ளுங்கள். பட்டச் சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.