எட்டு வயதுப் பிள்ளைக்குக் கணினிச் சிப் எப்படி வேலை செய்கிறது என்று விளக்குவது எப்படி?

எங்கள் திருகோணமலையில் சில்லு என்றால் பிள்ளைகள் சைக்கிள் சில்லையே நினைப்பார்கள் என்பதால், மாலை வகுப்பில் நான் சிப் என்றே சொல்கிறேன். முதலில் பழுதான வானொலி ஒன்றைத் திறந்து, பூரான் போலக் கால்கள் நீட்டியிருக்கும் கறுப்புத் துண்டைத் தொட்டுப் பார்க்கக் கொடுப்பேன். அது வெறும் உறை. சிப் என்பது அதனுள்ளே இருக்கும், நகத்திலும் சிறிய சிலிக்கன் துண்டு.

அதற்குப் பிறகு வயலுக்குப் போக வேண்டும். கந்தளாய்க் குளத்து நீர் வாய்க்காலில் வருகிறது. மடையைத் திறந்தால் வயலுக்குள் பாய்கிறது, அடைத்தால் நின்றுவிடுகிறது. சிப்பில் நீருக்குப் பதிலாக மின்சாரம் ஓடுகிறது, மடையின் இடத்தில் திரான்சிஸ்டர் இருக்கிறது. வயலில் மடையைத் திறப்பவர் மண்வெட்டியோடு நிற்கும் மாமா. சிப்பிலோ ஒரு மடையைத் திறப்பதும் மூடுவதும் வேறொரு வாய்க்காலில் வரும் மின்சாரமே. இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. "அப்ப மாமா இல்லாமலே திறக்குமா, டீச்சர்?" என்று ஒரு சிறுமி கேட்டபோதுதான் அவளுக்கு விளங்கிவிட்டது என்று அறிந்தேன்.

முற்றத்து மண்ணில் ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்து இரண்டு மடைகள் வைத்தால், இரண்டும் திறந்திருந்தால் மட்டுமே நீர் கடைசிவரை போகும். ஒரே இடத்தில் போய்ச் சேரும் இரண்டு தனி வாய்க்கால்களில் ஒவ்வொன்று வைத்தால், ஒன்று திறந்தாலே போதும். மின்சாரம் வந்தால் 1, வராவிட்டால் 0 என்று வைத்துக்கொண்டு, இவற்றோடு 'நீர் வந்தால் மூடும்' மடையையும் சேர்த்தால், கூட்டல் கணக்கே செய்துவிடலாம். கணினி செய்வதெல்லாம் இத்தகைய மடைகளின் வேலைதான்.

1958இல் அமெரிக்கப் பொறியாளர் ஜாக் கில்பி, திரான்சிஸ்டர் போன்ற சில மின் உறுப்புகளை ஜேர்மேனியம் என்ற தனிமத்தின் ஒரே துண்டில் அமைத்துக் காட்டினார். மறு ஆண்டு ராபர்ட் நொய்ஸ் சிலிக்கனில் அதற்கு வழி கண்டார். 1971இல் வந்த, இன்டெல் நிறுவனத்தின் 4004 என்ற சிப்பில் ஏறக்குறைய 2,300 திரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்றைய சில கைத்தொலைபேசிச் சிப்களில் ஆயிரம் கோடிக்கும் மேல் உள்ளன. அவற்றைக் கையால் வைப்பதில்லை. மெல்லிய சிலிக்கன் தட்டின்மேல் ஒளியால் கோலத்தைப் பதித்து, படலம் படலமாகச் செதுக்குகிறார்கள்.

புல்மோட்டைக் கறுப்பு மணலில் சிப் செய்யலாமா என்று இங்கு யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். அந்த மணலின் கறுப்பு இல்மனைற் என்ற கனிமத்தால் வருவது. அதிலிருந்து கிடைப்பது தைத்தானியம் என்ற உலோகம், சிலிக்கன் அல்ல. சிலிக்கனைக் குவார்ட்ஸ் கல்லிலிருந்து பிரித்து, மிகத் தூய்மையாக்கி எடுக்கிறார்கள்.