அடுத்தவர் ஸ்கிரிப்டுக்குக் கெடு வைப்பது: கேள்வி-பதில்

மாணவர்கள் அனுப்பும் பைத்தான் நிரல்களை ஆளுக்கொரு திரெட்டில் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழை) ஓடவிட்டு, 5 வினாடி டைம்அவுட் (நேரக் கெடு) வைத்திருக்கிறேன். டைம்அவுட் ஒழுங்காகத்தான் வருகிறது. ஆனாலும் சாயங்காலத்துக்குள் சர்வர் திணறிவிடுகிறது. ஏன்?

அந்த டைம்அவுட் உங்கள் காத்திருப்பை மட்டும்தான் முடித்துவைக்கிறது. ஐந்தாவது வினாடியில் உங்கள் பக்கம் எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) வரும், நீங்கள் அடுத்த மாணவரிடம் போய்விடுவீர்கள். முந்தையவரின் முடிவில்லா லூப் பின்னால் சுற்றிக்கொண்டே இருக்கும். இப்படிப் பத்துப் பதினைந்து சேர்ந்தால் சர்வர் என்ன செய்யும், பாவம்!

ஓடுகிற திரெட்டை வெளியிலிருந்து கொல்ல பைத்தானில் முறையான வழி கிடையாது. அதற்குக் காரணமும் இருக்கிறது. ஜாவாவில் அப்படி ஒரு வசதி இருந்தது. பாதி வேலையில் செத்த திரெட், தரவை மற்றவர்கள் தொடாதபடி போட்டிருந்த தன் பூட்டுகளைத் திறந்துவிட்டுப் போகும், அரைகுறையாக மாறிய தரவை மற்ற திரெட்கள் எடுத்துப் பயன்படுத்தும். அதனால் 1998இல் ஜாவா 1.2 வந்தபோதே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஜாவா 20இல் அதை அழைத்தால் பிழைதான் கிடைக்கும்.

ஆகவே ஆளுக்கொரு ப்ராசஸ், அதாவது தனக்கென மெமரியோடு தனியாக ஓடும் நிரல், கொடுங்கள். ப்ராசஸைக் கொன்றால் அது பிடித்து வைத்திருந்த மெமரி, திறந்த கோப்புகள் எல்லாவற்றையும் இயங்குதளத்தின் மையமான கெர்னலே திரும்ப வாங்கிக்கொள்ளும்.

லினக்ஸில், குறித்த நேரத்தில் ப்ராசஸைக் குறுக்கிடும் சிக்னல் அலாரம் வைத்தால் போதாதா? எதற்குத் தனி ப்ராசஸ்?

நீங்களே எழுதிய நிரலுக்குப் போதும். நம்பிக்கையில்லாத நிரலுக்கு அது, பரீட்சை எழுதுகிறவன் கையிலேயே மணியையும் கொடுத்துவிட்டு வருவது மாதிரி. அலாரத்தைப் பூஜ்யமாக்கும் ஒரே வரியில் ஸ்கிரிப்ட் அதை ரத்து செய்துவிடலாம். அவ்வளவு கெட்டிக்காரத்தனம்கூட வேண்டாம். லூப்புக்குள் எல்லாப் பிழைகளையும் விழுங்கும் ஒரு ‘எக்ஸெப்ட்’ இருந்தால், உங்கள் டைம்அவுட் எக்ஸெப்ஷனும் அதில் போய்விடும். புதிதாகப் படிக்கிற பிள்ளைகள் இதைத் தெரியாமலேயே செய்வார்கள். போதாததற்கு, சி மொழியில் எழுதிய நூலகத்துக்குள் ஒரு நீண்ட கணக்கு ஓடிக்கொண்டிருந்தால், அது முடிந்து வரும் வரை அலாரம் அடித்ததும் ஓட வேண்டிய பைத்தானின் சிக்னல் ஹேண்ட்லருக்கு வாய்ப்பே கிடைக்காமல் போகலாம். விண்டோஸில் இந்த அலாரமே கிடையாது.

தனி ப்ராசஸுக்கு மாறிவிட்டேன். கெடு தாண்டியதும் கொல்கிறேன். ஆனால் அது உருவாக்கிய பிள்ளை ப்ராசஸ்கள் சாகவில்லையே?

தாயைக் கொன்றால் பிள்ளைகள் தானாகச் சாவதில்லை. ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) வழியாக ஓட்டினால், ஷெல் மட்டும் செத்து ஸ்கிரிப்ட் தப்பிப்பதும் உண்டு. முதல் மருந்து, புதிய செஷனில் (ப்ராசஸ்களின் தனித் தொகுப்பு) தொடங்கி ப்ராசஸ் குழு முழுவதையும் கொல்வது. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட நிரல்களுக்கு இது சரிப்படும். வேண்டுமென்றே தப்ப நினைக்கிற பிள்ளை ப்ராசஸ் தனக்கென ஒரு செஷன் தொடங்கி, குழுவை விட்டே வெளியேறிவிடும்.

சிகுரூப் என்பது ப்ராசஸ்களைக் கூட்டமாகக் கட்டிவைத்து வரம்பு விதிக்கும் லினக்ஸ் வசதி. அதிலிருந்து அப்படித் தானாக வெளியேற முடியாது, அதற்கு அனுமதி கொடுக்காத வரை. சிகுரூப் இரண்டாம் பதிப்பில், 2021இல் வந்த லினக்ஸ் 5.14 முதல், ‘சிகுரூப்.கில்’ (cgroup.kill) என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதில் 1 என்று எழுதினால் உள்ளே இருப்பவை மொத்தமாகச் சாகும். பிஐடி நேம்ஸ்பேஸும் (ப்ராசஸ் எண்களுக்கான தனி உலகம்) நல்ல வழிதான்: அதன் முதல் ப்ராசஸ் போனால் மற்ற எல்லாவற்றையும் கெர்னல் கொன்றுவிடும். எந்த வழியானாலும் ப்ராசஸ் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வையுங்கள்.

முடித்துக்கொள் என்று கேட்கும் ‘டெர்ம்’ சிக்னலை ஸ்கிரிப்ட் கண்டுகொள்ளாமல் விடலாம், ‘கில்’ சிக்னலை விட முடியாது. லினக்ஸின் ‘டைம்அவுட்’ கட்டளை முதலில் அனுப்புவது டெர்ம்தான். சிறிது பொறுத்துக் கில்லும் அனுப்ப அதற்குத் தனி ஆப்ஷன் உண்டு, பலர் அதைச் சேர்ப்பதே இல்லை.

சிபியு நேரத்துக்கு (ப்ராசசர் உண்மையில் உழைத்த நேரம்) 2 வினாடி வரம்பு வைத்தேன். ஒரு ஸ்கிரிப்ட் அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறது. வரம்பு வேலை செய்யவில்லையா?

செய்கிறது. அந்த ஸ்கிரிப்ட் தூங்குகிறது. ஸ்லீப்பில் கிடப்பவருக்கும் நெட்வொர்க் பதிலுக்குக் காத்திருப்பவருக்கும் சிபியு செலவு ஏறக்குறைய இல்லை. சிபியு நேரம், கடிகார நேரம் இரண்டுக்கும் வரம்பு வேண்டும். மதிப்பெண்ணுக்கு சிபியு நேரத்தைப் பாருங்கள், இல்லாவிட்டால் சர்வர் நெரிசலுக்கு மாணவர் தண்டனை அனுபவிப்பார். கடிகார நேரத்தை அதைவிடத் தாராளமாக, மூன்று நான்கு மடங்கு வையுங்கள். சர்வதேச இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாடுக்காக எழுதப்பட்ட ஐசொலேட் என்ற சாண்ட்பாக்ஸிலும் (நிரலை அடைத்து ஓட்டும் கூண்டு) இரண்டுக்கும் தனித்தனி ஆப்ஷன் உண்டு.

இன்னொன்று: லினக்ஸின் சிபியு வரம்பு ப்ராசஸுக்குத் தனித்தனி. ஃபோர்க் செய்த, அதாவது தன்னையே நகலெடுத்து உருவாக்கிய, பிள்ளையின் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மொத்தச் செலவை சிகுரூப் கணக்கில்தான் பார்க்க முடியும்.

பிஹெச்பி என்ற வெப் மொழியில் எழுதுகிறவர்களும் இங்கேதான் ஏமாறுவார்கள். அதன் 30 வினாடி வரம்பில், லினக்ஸில், ஸ்லீப்பும் டேட்டாபேஸுக்குக் காத்திருக்கும் நேரமும் சேராது. விண்டோஸில் சேரும்.

ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோடில், நிரலுக்குள் இன்னொரு நிரலை ஓட்டும் விஎம் மாட்யூலில் டைம்அவுட் ஆப்ஷன் இருக்கிறதே?

இருக்கிறது. கூடவே, அந்த மாட்யூல் பாதுகாப்பு ஏற்பாடு அல்ல, நம்பிக்கையில்லாத நிரலை அதில் ஓட்டாதீர்கள் என்று நோடின் ஆவணமும் சொல்கிறது. ப்ராமிஸுக்குள் (பிறகு ஓடத் தள்ளிவைத்த வேலை) ஒளித்த லூப் அந்த டைம்அவுட்டைத் தாண்டியும் ஓடக்கூடும். தனி ப்ராசஸ்தான் இங்கேயும்.

எங்கள் கேமில் பயனர்கள் லுவா என்ற சிறு மொழியில் ஸ்கிரிப்ட் எழுதலாம். ப்ராசஸ் பிரித்தால் வேகம் போய்விடும். என்ன செய்வது?

நியாயமான கவலை. இத்தனை கட்டளைக்கு ஒருமுறை என்னைக் கூப்பிடு என்று லுவாவின் டீபக் ஹுக்கிடம் (ஓட்டத்தின் இடையில் நம் நிரலைக் கூப்பிடும் கொக்கி) சொல்லலாம். அதில் மூன்று ஓட்டைகள் உண்டு. ஹுக் ஒவ்வொரு கோரூட்டினுக்கும் (இடையில் நிறுத்தித் தொடரக்கூடிய ஓட்டம்) தனி, புதிய கோரூட்டினுக்கும் நீங்களே போட்டுவிட வேண்டும். லுவாவை வேகமாக ஓட்டும் லுவாஜிட் கம்பைல் செய்த பகுதியில் சாதாரணமாக ஹுக் கூப்பிடப்படாது. மூன்றாவதுதான் மோசம்: சி-யில் எழுதிய ஒரே ஸ்ட்ரிங் ஃபங்ஷனுக்குள் நேரமெல்லாம் கழிந்தால், ஹுக்குக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வரி தேடல் பேட்டர்னும் நீண்ட எழுத்துச்சரமும் போதும் இதற்கு. அதனால் ஸ்கிரிப்டே ஹுக்கைக் கழற்றிவிடாதபடி டீபக் நூலகத்தைப் பயனருக்குக் கொடுக்காதீர்கள், ஸ்ட்ரிங் நீளத்துக்கு வரம்பு வையுங்கள்.

ரெடிஸ் என்ற டேட்டாபேஸிலும் லுவாதான். அங்கே 5 வினாடி வரம்பைத் தாண்டினாலும் ஸ்கிரிப்ட் சாகாது. மற்றவர்களுக்கு ‘பிஸி’ என்று பதில் போகும். ஸ்கிரிப்ட் எதையும் எழுதாத வரைதான் கொல்ல முடியும். எழுதிவிட்டால், ஒன்று முடியும் வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் சேமிக்காமல் சர்வரையே நிறுத்த வேண்டும்.

ஓட்டும் முன்பே, இது முடியுமா முடியாதா என்று சோதித்துவிட்டால்?

எல்லா நிரலுக்கும் பொதுவாக அப்படிச் சொல்லும் சோதனை இருக்க முடியாது. 1936இல் கணிதவியலர் ஆலன் டூரிங் நிறுவியதன் சாரம் அதுதான். எத்தேரியம் என்ற பிளாக்செயின் அந்தக் கேள்விக்கே போகவில்லை: ஒவ்வொரு கட்டளைக்கும் ‘கேஸ்’ கட்டணம், தீர்ந்தால் நிறுத்தம். உங்கள் கேமுக்கு வெப்அசெம்பிளி (பல மொழி நிரல்களையும் கொண்டுவரக்கூடிய பொதுக் கட்டளை வடிவம்) ஒத்துவருமென்றால், அதை ஓட்டும் வாஸ்ம்டைமில் ‘ஃப்யூவல்’ என்ற பெயரில் அதே ஏற்பாடு கிடைக்கும்.