பழைய பைக்குக்கு வீட்டிலேயே குறைந்த செலவில் பெயின்ட் அடிக்க முடியுமா?

டேங்க்கில் துரு ஏறிவிட்டது, கடையில் ஏழாயிரம் கேட்கிறார்கள், நானே அடித்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அடிக்கலாம். அப்பாவின் ஸ்ப்ளெண்டருக்கு நான் இரண்டு தடவை அடித்தேன். முதல் தடவை அடித்தது ஒரே வாரத்தில் போய்விட்டது. அது ஏன் போனது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு கடலூரில், கடலிலிருந்து கூப்பிடு தூரம். உப்புக் காற்றில் டேங்க்கின் அடிவிளிம்பு முழுக்கத் துரு. கறுப்பு ஸ்பிரே கேன் மூன்று, கலருக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சான கிளியரில் சாதாரண கேன் ஒன்று வாங்கி அடித்தேன். முகம் பார்க்கலாம் போல மின்னியது. அந்த வாரமே பங்க்கில் பெட்ரோல் போடும்போது நாலு சொட்டு டேங்க் மேல் வழிந்தது. துணியால் துடைத்தேன். துணியில் கறுப்பு வந்தது, கலருக்கு அடியில் போட்டிருந்த சாம்பல் நிற பிரைமர் டேங்க்கில் எட்டிப் பார்த்தது.

சாதாரண ஸ்பிரே கேனில் உள்ள பெயின்ட் பெரும்பாலும், அதிலிருக்கும் தின்னர் ஆவியாவதால் மட்டுமே காய்கிறது. பெட்ரோல் பட்டால் மறுபடி இளகிவிடும். டூ-கே கிளியர் அப்படியில்லை. அதில் பெயின்டை இறுகவைக்கும் ஹார்டனர் தனியாக இருக்கும். இரண்டும் கலந்து வேதிவினையால் இறுகுவதால், நன்றாகக் காய்ந்தபின் பெட்ரோல் சொட்டு அதை எளிதில் கரைக்காது. மட்கார்டு, சைடு பேனலுக்குச் சாதாரண கிளியர் போதும். டேங்க்குக்கு மட்டும் டூ-கே இல்லாமல் அடிக்காதீர்கள். எனக்குச் சாதாரண கேனைப் போல மூன்று மடங்கு விலை ஆனது. அப்படியும் இரண்டாம் தடவை மொத்தச் செலவு 2,600 ரூபாய்தான்.

அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற, மூச்சுக்குக் கெடுதலான ரசாயனம் இருக்கிறது. கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பது ஆபத்து. ரசாயன ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாட்டிய முகமூடி (ரெஸ்பிரேட்டர்), கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு திறந்த வெளியில்தான் அடிக்க வேண்டும். உங்களுக்கோ வீட்டில் யாருக்குமோ ஆஸ்துமா இருந்தால் இந்த வேலையை மட்டும் வெளியே கொடுங்கள். கலர் வரை நீங்கள் அடித்து, டேங்க்கை மட்டும் பெயின்டரிடம் கொண்டுபோனால் கிளியருக்கு மட்டும் கூலி வாங்கிக்கொள்வார்.

இனி வேலைக்கு வருவோம். டேங்க்கைக் கழற்றிப் பெட்ரோலை முழுக்க வடித்து, மூடியை டேப் போட்டு அடையுங்கள். காலி டேங்க்கில்தான் ஆவி நிறைந்திருக்கும். பக்கத்தில் அடுப்பு, சாமி விளக்கு, பீடி எதுவும் கூடாது.

தேய்க்கும் முன்பே பாத்திரம் கழுவும் சோப்பால் நன்றாகக் கழுவ வேண்டும். நாம் வண்டிக்குப் போடும் பாலிஷில் சிலிகான் இருக்கும். அது துளி மிச்சமிருந்தாலும் பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகி, அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக நிற்கும். கழுவிக் காய்ந்த பிறகு துரு உள்ள இடத்தை 120 நம்பர் உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். மேலே மட்டும் தேய்த்து பிரைமர் போட்டு மூடினால் துரு உள்ளே வளர்ந்து ஆறு மாதத்தில் கொப்புளமாகக் கிளம்பும். பிறகு 320 நம்பர் தாளால் தேய்க்க வேண்டும். பழைய பெயின்ட் முடிந்து இரும்பு தொடங்கும் ஓரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். விரலுக்குப் படி தட்டினால் பெயின்ட் அடித்த பிறகு கண்ணுக்கும் தெரியும். எனக்கு டேங்க் ஒன்றுக்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமை இதில் போனது. பெயின்ட் அடித்தது மொத்தம் ஒரு மணி நேரம் இருக்கும்.

பள்ளத்துக்குப் பட்டி, அது காய்ந்ததும் தேய்ப்பு, அப்புறம் பிரைமர். பிரைமரை 600 வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டு வழவழப்பாக்கித் துடைத்துவிட்டால் இனி வெறுங்கையால் தொடக்கூடாது. பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பிளாஸ்டிக் பிரைமர் தனியாகக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் தோல் மாதிரி உரிந்துவரும்.

அடிக்கும் நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். ஈரக் காற்றில் அடித்தால் பெயின்ட் மேல் வெள்ளைப் புகை படிந்தது போல மங்கிவிடும். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் இறங்குவதால் வருவது அது. நான் மாசியில், பனி விலகிய பிறகு பத்து மணிக்கு மேல், நிழலில் வைத்து அடித்தேன். வெயிலில் சுடும் டேங்க்கில் அடித்தால் பெயின்ட் பரவுவதற்குள் காய்ந்து சொரசொரப்பாகிவிடும். தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் புழுதி எழாது.

கேனை இரண்டு நிமிடம் குலுக்கி, ஒரு சாண் தூரத்துக்குக் கொஞ்சம் மேலேயே பிடித்து, டேங்க்குக்கு வெளியே அழுத்தத் தொடங்கி மறுபக்கம் வெளியே போய் விரலை எடுங்கள். முதல் கோட்டில், அதாவது முதல் பூச்சில், கறுப்பு முழுதாகப் பிடிக்காது, பிரைமர் தெரியும். அது சரிதான். பத்து நிமிட இடைவெளியில் மூன்று மெல்லிய கோட் போடுங்கள். ஒரே கோட்டில் மூட நினைத்தால் வழிந்துவிடும். வெள்ளி மாதிரி மெட்டாலிக் கலர் கேனில் பட்டை பட்டையாகத் தெரியும், முதல் முயற்சிக்கு ஒத்துவராது.

ஆர்சியில் உள்ள கலரையே அடித்துவிடுங்கள். மாற்றினால் ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

கலருக்கு மேல் டூ-கே கிளியர் போட்ட பிறகு ஒரு வாரம் டேங்க்கைப் பழைய போர்வை மேல் வைத்துவிட்டேன், பெட்ரோல் ஊற்றவில்லை. மாட்டி இரண்டு மழைக்காலம் போய்விட்டது. போன மாதம் பங்க்கில் மறுபடி வழிந்தது. உடனே துடைத்தேன், துணி வெள்ளையாகவே இருந்தது.